பிசிஎன்ஏ புரதத்தைக் கொண்டு மிதவை நுண்பாசிகளின் வளர்ச்சி வேகத்தை அளப்பது: மொரீசியஸ் லகூன் நீருக்கான செய்முறை

லகூன் (பவளத்திட்டுக்கு உள்ளே அடங்கிய ஆழமற்ற கடல்) நீரில் டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்பாசி வகையில் ஓர் இனம் இன்று லிட்டருக்கு 2,000 செல் இருக்கிறது, நாளையும் 2,000 இருக்கிறது என்று வையுங்கள். அது வளரவில்லை என்று எழுதிவிட முடியாது. இறைக்க இறைக்க ஊறும் கிணற்றில் நீர்மட்டம் அசையாமல் நிற்பதில்லையா? அதுபோலத்தான் இதுவும். ஒரு பக்கம் செல்கள் பிரிந்து பெருகுகின்றன. மறுபக்கம் விலங்கு மிதவைகள் மேய்கின்றன, ஓதம் பவளத்திட்டின் இடைவெளி வழியாக வெளியே இழுத்துப் போகிறது. எண்ணிக்கையில் மிச்சம் மட்டுமே தெரியும். பச்சையத்தை அளந்தால் எல்லா இனமும் ஒன்றாகக் கலந்த கூட்டுத்தொகை கிடைக்கும். குறிப்பிட்ட ஓர் இனம் எவ்வளவு வேகமாகப் பிரிகிறது என்பதை, அதைப் புட்டியில் அடைக்காமல் கடலில் இருந்தபடியே அறிய, செல்லுக்குள் இருக்கும் செல் சுழற்சிப் புரதங்களைத்தான் பார்க்க வேண்டும்.

அவற்றில் கைக்கு அடங்கியது பிசிஎன்ஏ. டிஎன்ஏ நகலெடுக்கப்படும்போது பாலிமரேஸ் நொதி இழையிலிருந்து நழுவாமல் பிடித்திருக்கும் மோதிரம் அது. ஒரே மாதிரியான மூன்று துண்டுகள் சேர்ந்து அந்த வளையம் ஆகிறது. ஒரு செல்லின் சுழற்சி நகலெடுப்புக்கு முந்தைய ஜி1, நகலெடுக்கும் எஸ், பிரியத் தயாராகும் ஜி2, பிரியும் எம் என்று நான்கு கட்டமாகப் போகும். நகலெடுப்பு நடக்கும் எஸ் கட்டத்தில் பிசிஎன்ஏ உட்கருவுக்குள் குவிகிறது. மனிதனிலிருந்து டயாட்டம் (சிலிக்கா ஓடுள்ள நுண்பாசி) வரை அதன் அமைப்பு பெரிதாக மாறாததால், எலியின் பிசிஎன்ஏவுக்கு எதிராக உருவாக்கிய பிசி10 போன்ற ஆன்டிபாடி (குறிப்பிட்ட புரதத்தில் ஒட்டும் மூலக்கூறு; பச்சையாக ஒளிரும் சாயத்தால் அதை நுண்ணோக்கியில் காண்போம்) சில பாசிகளிலும் ஒட்டும். சிலவற்றில் ஒட்டாது. அதைச் சோதிக்கும் வழி கீழே வருகிறது.

பிரியும் செல்களின் பங்கை எண்ணி வேகத்தைக் கணக்கிடும் முறையை 1982இல் மெக்டஃப், சிசோம் இருவரும் ஒழுங்குபடுத்தினார்கள். டிஎன்ஏ தொகுப்பின் அன்றாட ஏற்ற இறக்கத்தைக் கொண்டு அதைக் கார்பென்டர், சாங் இருவரும் 1988இல் விரிவாக்கினார்கள். 1990களில் சென்ஜி லின்னும் கார்பென்டரும் கடல் நுண்பாசிகளில் ஆன்டிபாடியைக் கொண்டு பிசிஎன்ஏவைக் காட்டினார்கள். இங்கே உள்ள செய்முறை அந்த வழியில் வந்ததுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்த முறை தோற்பது பெரும்பாலும் ஆன்டிபாடியால் அல்ல, கடிகாரத்தால். பிசிஎன்ஏ உள்ள செல்கள் 30 சதவீதம் என்றால் அது ஒரு பங்கு, அவ்வளவே. அது வேகம் ஆவதற்கு நேரம் வேண்டும்.

எந்த இனத்துக்கு ஆகும், எதற்கு ஆகாது

உட்கரு உள்ள பாசிகளுக்கு மட்டுமே ஆகும். கோடையில் கடல்மேல் மரத்தூள் தூவியதுபோல் மிதக்கும் டிரைக்கோடெஸ்மியம், திறந்த கடலில் நிறைந்திருக்கும் புரோக்ளோரோகாக்கஸ், சினெக்கோகாக்கஸ் மூன்றும் பாக்டீரியா வகை. அவற்றில் இதே வேலையைச் செய்வது பீட்டா கிளாம்ப் என்ற வேறு புரதம். பிசிஎன்ஏ ஆன்டிபாடியைப் போட்டு அவற்றில் பச்சை ஒளி வந்தால் அது ஒட்டக்கூடாத இடத்தில் ஒட்டிய ஆன்டிபாடி, அல்லது அவற்றின் சொந்த ஒளிர்வு.

டைனோஃபிளாஜெல்லேட்களில் ஆர்என்ஏவை அளந்து குறுக்கு வழி தேட வேண்டாம். கரேனியா பிரெவிஸ் இனத்தில் பிசிஎன்ஏவின் ஆர்என்ஏ அளவு செல் சுழற்சி முழுவதும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்க, புரதம்தான் ஏறி இறங்குகிறது. இந்தக் குலத்தில் கட்டுப்பாடு பெரும்பாலும் ஆர்என்ஏவுக்குப் பிந்தைய படியில் நடக்கிறது. எனவே பிசிஆர் கருவி கையில் இருக்கிறதே என்பதற்காக அதில் போட்டால் தட்டையான கோடுதான் வரும்.

எம் கட்டத்தைக் காட்டப் பலரும் பயன்படுத்தும் பாஸ்பரஸ் ஏறிய ஹிஸ்டோன் எச்3 ஆன்டிபாடியும் டைனோஃபிளாஜெல்லேட்களுக்கு ஒத்துவராது. அவற்றின் குரோமோசோம்கள் வழக்கமான ஹிஸ்டோன் உருளைகளில் சுற்றப்படாமல், எப்போதும் சுருண்டே இருக்கும். டயாட்டங்களுக்கும் பச்சைப் பாசிகளுக்கும் அதை முயன்று பார்க்கலாம்.

கடலுக்குப் போகுமுன்: வளர்ப்பில் ஒத்திகை

டுனாலியெல்லா டெர்ட்டியோலெக்டா நல்ல தொடக்கம். செல்சுவர் கிடையாது, ஆன்டிபாடி எளிதில் நுழையும். எஃப்/2 ஊடகத்தில் வளருங்கள்: வடிகட்டிய கடல்நீர் ஒரு லிட்டருக்குச் சோடியம் நைட்ரேட் 75 மில்லிகிராம், சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 5 மில்லிகிராம், அத்துடன் நுண்தனிமக் கரைசல், தயாமின் 100 மைக்ரோகிராம், பயோட்டின் 0.5, பி12 0.5 மைக்ரோகிராம். டயாட்டமாக இருந்தால் சோடியம் சிலிகேட் 30 மில்லிகிராம் சேர்க்க வேண்டும். பாஸ்பேட்டையும் வைட்டமின்களையும் கடல்நீரோடு சேர்த்து ஆட்டோகிளேவில் வைக்காதீர்கள். முன்னது வெண்மையாகப் படியும், பின்னது கெடும். தனித்தனியாக நுண்வடிகட்டி, நீர் ஆறியபின் சேருங்கள்.

25 டிகிரி வெப்பம், 12 மணி வெளிச்சம், 12 மணி இருட்டு. நான்கைந்து நாள் தினமும் ஒரே நேரத்தில் எண்ணி, இரு நாள் எண்ணிக்கைகளின் விகிதத்துக்கு இயல்மடக்கை எடுத்து இடைப்பட்ட நாட்களால் வகுத்தால் உண்மையான வேகம் கிடைக்கும். அதே வளர்ப்பில் 24 மணி நேரம் மாதிரி எடுத்துப் பிசிஎன்ஏ வழியிலும் கணக்கிடுங்கள். இரண்டும் 20 சதவீதத்துக்குள் ஒத்துப்போகும் வரை படகு ஏற வேண்டாம். இந்த ஒத்திகையைத் தாண்டிக் குதித்த தரவு எவ்வளவு அழகான படமாக இருந்தாலும் அதை நம்ப முடியாது.

ஆன்டிபாடி சரியான புரதத்தில்தான் ஒட்டுகிறதா?

இதற்கு வெஸ்டர்ன் பிளாட்தான் தீர்ப்பு: புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, ஆன்டிபாடி எதில் ஒட்டுகிறது என்று பார்க்கும் சோதனை. வளர்முகத்தில் உள்ள வளர்ப்பிலிருந்து செல்களைச் சுழற்றி இறக்கி, புரதம் சிதையாமல் காக்கும் பிஎம்எஸ்எஃப் 1 மில்லிமோலார் சேர்த்த கரைசலில், ஐஸ்மேல் வைத்து ஒலியலையால் உடையுங்கள். 12 சதவீத ஜெல்லில் ஒரு தடத்துக்கு 20 முதல் 30 மைக்ரோகிராம் புரதம். முதல் ஆன்டிபாடி (பிசிஎன்ஏவில் ஒட்டுவது) 1க்கு 1,000. பக்கத்துத் தடத்தில் பாலூட்டிச் செல் சாறு போட்டால் ஒப்பிடலாம். அதில் பிசிஎன்ஏ 36 கிலோடால்ட்டன் அருகே நிற்கும். பாசியில் 30க்கும் 36க்கும் இடையில் ஒற்றைப் பட்டை வந்தால் நல்லது.

55 கிலோடால்ட்டனில் தடித்த பட்டை வந்தால் மகிழ வேண்டாம். அது ஒளிச்சேர்க்கையில் கரியமில வாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோ நொதியின் பெரிய துண்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பாசியில் அந்தப் புரதம் அள்ளிக் கொட்டிக் கிடப்பதால் எந்த ஆன்டிபாடியும் கொஞ்சம் அதில் ஒட்டிவிடும். தடுப்பு (ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாதபடி வேறு புரதத்தால் முன்பே மூடுவது) நேரத்தைக் கூட்டி, ஆன்டிபாடியைப் பாதியாக நீர்த்துப் பாருங்கள். அந்தப் பட்டை மறையாவிட்டால் அந்த இனத்துக்கு வேறு ஆன்டிபாடி தேடுங்கள். ரூபிஸ்கோ பசுங்கணிகத்தில் இருப்பது, உட்கருவில் அல்ல. நுண்ணோக்கியில் உட்கருவை மட்டும் பார்த்துத் தப்பித்துக்கொள்ளலாம் என்று தோன்றும். ஆனால் 10 மைக்ரோமீட்டர் செல்லில் உட்கருவும் பசுங்கணிகமும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தே தெரியும்.

இரண்டாவது சோதனை: அதே வளர்ப்பைத் தொடர்ந்து மூன்று நாள் இருட்டில் வையுங்கள். பெரும்பாலான செல்கள் ஜி1இல் நின்றுவிடும், பட்டையும் மங்க வேண்டும். மங்கவில்லை என்றால் ஆன்டிபாடி காட்டுவது செல் சுழற்சியை அல்ல.

மாதிரி எடுப்பு: எப்போது, எங்கே, எவ்வளவு

24 மணி நேரம், இரண்டு மணிக்கு ஒரு மாதிரி, மொத்தம் 12. மாலை 6 மணிக்குத் தொடங்குவது வசதி. டைனோஃபிளாஜெல்லேட்கள் பல இரவில் டிஎன்ஏவை நகலெடுத்து, விடியலை ஒட்டிப் பிரியும். டயாட்டங்கள் அவ்வளவு ஒழுங்காக இருக்காது. இங்கே டிசம்பரில் சூரியன் ஐந்தரைக்கே எழும், ஜூனில் ஆறே முக்காலுக்குத்தான். ஆகவே ஒரு பருவத்து உச்ச நேரத்தை மறு பருவத்துக்கு அப்படியே எடுத்துப் போடக்கூடாது. மாதிரி நேரத்தோடு சூரியோதயத்திலிருந்து எத்தனை மணி என்பதையும் குறியுங்கள்.

நம் லகூன்களில் ஓத ஏற்ற இறக்கம் அரை மீட்டர் அளவுதான். ஆனாலும் ஆழம் குறைவு என்பதால் திட்டுக்கு மேல் அலையடித்து உள்ளே விழும் நீர் உள்நீரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். மாலையில் எடுத்த நீரும் விடியலில் எடுத்த நீரும் வேறு வேறு கூட்டமாக இருந்துவிடலாம். இதற்கு இரண்டு வழி. நீருக்கடியில் துணிப்பாய் தொங்கும் மிதவையை விட்டு, பிரோக்கில் (உள்ளூர் மீன்பிடிப் படகு) அதன் பின்னாலேயே போகலாம். அல்லது 20 லிட்டர் ஒளி ஊடுருவும் கலன்களில் நீரை நிரப்பி, அதே ஆழத்தில் கட்டித் தொங்கவிட்டு, அவற்றிலிருந்து எடுக்கலாம். இரண்டாவது எளிது, ஆனால் புட்டியில் அடைக்காமல் அளப்பது என்ற ஆதாயத்தில் பாதி போய்விடும். லகூனுக்குப் புதிதாக வருபவர்களுக்கு முதலாவதையே சொல்வோம், இரவில் இரண்டு பேர் கூடுதலாகத் தேவைப்பட்டாலும்.

நாள் தேர்விலும் ஒரு கவனம் வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் அதிகம், நீர் மாற்றமும் அதிகம். தைப்பூசக் காவடி எப்போதும் பௌர்ணமியை ஒட்டி வருவதால், அந்த விடுமுறையில் படகும் ஆளும் கிடைத்தாலும் அது இந்த வேலைக்கு உகந்த நாள் அல்ல. புயல் பருவமும் அதுவே. அரைநிலவை ஒட்டிய, ஓதம் குறைந்த நாட்களைத் தேர்ந்தெடுங்கள்.

மேற்குக் கரையில் ஃப்ளிக்-ஆன்-ஃப்ளாக் போன்ற இடங்களில் நிலத்தடி நீர் கடலடி வழியாக லகூனுக்குள் ஊறி வருகிறது. நைட்ரேட்டும், எரிமலைப் பாறையைக் கடந்து வந்த சிலிகேட்டும் அதோடு வரும். ஊற்றுக்கு 20 மீட்டர் அருகிலும் 200 மீட்டர் தள்ளியும் ஒரே இனம் வேறு வேகத்தில் வளரலாம். 12 மாதிரிகளும் ஒரே உப்புத்தன்மையில் இருந்தனவா என்று ஒவ்வொரு முறையும் அளந்து எழுதுங்கள். உப்புத்தன்மை குதித்தால் அந்த மாதிரி வேறு நீர்.

ஒரு முறைக்கு 10 முதல் 20 லிட்டர். முதலில் 200 மைக்ரோமீட்டர் வலை வழியாக ஊற்றி விலங்கு மிதவைகளை நீக்குங்கள். அவற்றின் முட்டைகளில் பிசிஎன்ஏ கொழிக்கும், சிலைடு முழுக்க அவைதான் மின்னும். பிறகு 20 மைக்ரோமீட்டர் வலையில், வலை எப்போதும் நீரில் மூழ்கியிருக்க, 45 மில்லிக்குச் சுருக்குங்கள். காற்றில் காயவிட்டால் மேலுறை இல்லாத இனங்கள் வெடித்துவிடும். தேடும் இனம் 20 மைக்ரோமீட்டருக்குக் குறைவு என்றால் வலை உதவாது, 3 மைக்ரோமீட்டர் வடிதாள்மேல் மெதுவாக, நீர் முழுவதும் வற்றாமல் சுருக்குங்கள். சுருக்கத் தொடங்கியதிலிருந்து நிலைநிறுத்தும் வரை 15 நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது.

நிலைநிறுத்தல்: இங்கேதான் முடிவு தீர்மானமாகிறது

45 மில்லி சுருக்கிய நீரில் 16 சதவீதப் பாராஃபார்மால்டிஹைடு 3 மில்லி சேர்த்தால் சரியாக 1 சதவீதம் ஆகும். 10 நிமிடம், அறை வெப்பத்தில். கூட வேண்டாம். குளுட்டரால்டிஹைடு வேண்டாம், செல் முழுவதும் பச்சையாக ஒளிரும். லுகோல் வேண்டவே வேண்டாம், அயோடின் ஒளிர்வை அணைத்துவிடும்.

1,500 ஜி விசையில் 10 நிமிடம் சுழற்றுங்கள். மேல்நீரை ஊற்றிவிட்டு, 3.5 சதவீதச் சாதாரண உப்புக் கரைசலில் ஒரு முறை கழுவுங்கள். இந்த இடத்தில் பலரும் நேரே பிபிஎஸ் (பாஸ்பேட் கலந்த உப்புக் கரைசல்) ஊற்றுவார்கள். கடல்நீரின் கால்சியமும் மக்னீசியமும் பிபிஎஸ்ஸின் பாஸ்பேட்டோடு சேர்ந்து வெண்ணிற மாவாகப் படியும். அந்த மாவு நுண்ணோக்கியில் செல்களை மூடும், ஆன்டிபாடியையும் உறிஞ்சும். உப்புக் கரைசல் ஒரு சுற்று போனால் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்து மெத்தனால், மைனஸ் 20 டிகிரியில். அடியில் படிந்த செல்களைக் கலைத்துவிட்டு, குழாயைச் சுழற்றிக்கொண்டே சொட்டுச் சொட்டாக 10 மில்லி விடுங்கள். ஒரேயடியாக ஊற்றினால் செல்கள் தயிர்போல் திரியும், பிறகு பிரிக்கவே முடியாது. மெத்தனால் இரண்டு வேலை செய்கிறது. பச்சையத்தை உருவி எடுக்கிறது, இல்லாவிட்டால் 680 நானோமீட்டர் சிவப்பு ஒளி எல்லாவற்றையும் மூழ்கடிக்கும். அத்துடன் டிஎன்ஏவைப் பிடிக்காமல் உட்கருவில் சும்மா திரியும் பிசிஎன்ஏவில் ஒரு பகுதியைக் கரைத்து வெளியேற்றுகிறது.

இந்த இரண்டாவது வேலையை இலேசாக எண்ண வேண்டாம். பிசிஎன்ஏ நீண்ட நாள் வாழும் புரதம். பாலூட்டிச் செல்களில் அதன் அரை ஆயுள் 20 மணி நேரம் அளவு. அதாவது எஸ் கட்டம் முடிந்த பின்னும் செல்லுக்குள் கிடக்கும். பாராஃபார்மால்டிஹைடில் அரை மணி ஊறவிட்டால் திரியும் பிசிஎன்ஏவும் அங்கேயே இறுகிவிடும். அப்போது செல்களில் 70, 80 சதவீதம் பகல் நடுவிலும் பச்சையாகத் தெரியும். வளர்ச்சி அபாரம் என்று நினைப்பீர்கள், உண்மையில் நிலைநிறுத்தல் கூடிவிட்டது. உறுதியான மேலுறை உள்ள இனங்களுக்குப் பாராஃபார்மால்டிஹைடையே விட்டுவிட்டு நேரே குளிர்ந்த மெத்தனாலில் போட்டுப் பாருங்கள். மேலுறையற்றவை அப்படிச் செய்தால் சுருங்கி உருத் தெரியாமல் போகும், அவற்றுக்கு மட்டும் 10 நிமிடம் தேவை. ஒத்திகையில் இரண்டு வழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது ஒரு நாள் வேலைதான்.

கரையில் உறைபெட்டி இல்லையே என்றால்: உடைத்த ஐஸ் 3 பங்கு, கல்லுப்பு 1 பங்கு கலந்து தெர்மோகோல் பெட்டியில் அடைத்தால் மைனஸ் 15இலிருந்து மைனஸ் 20 வரை இறங்கும். மீன் இறக்கும் துறையில் வாங்கும் ஐஸே போதும். நான்கு மணிக்கு ஒரு முறை உருகிய நீரை வடித்து, புதிதாகப் போடுங்கள். மெத்தனால் கண்ணைக் குருடாக்கும் நஞ்சு, தீயும் பற்றும். பாராஃபார்மால்டிஹைடு ஆவியும் ஆபத்தானது. படகிலும் கையுறை, கண்ணாடி வேண்டும், பக்கத்தில் யாரும் சிகரெட் பிடிக்கக்கூடாது.

ஆய்வகம் வந்ததும் மெத்தனாலை மாற்றுங்கள். அடியில் படிந்திருப்பது வெளிறும் வரை, வழக்கமாக இரண்டு மூன்று முறை. டைனோஃபிளாஜெல்லேட்களில் பச்சையம் போன பின்னும் செம்மஞ்சள் நிறம் கொஞ்சம் தங்கும், இன்னொரு இரவு விட்டால் போய்விடும். இந்த நிலையில் மைனஸ் 20இல் சில வாரங்கள் தாங்கும். ஒவ்வொரு மாதிரியையும் இரண்டு குழாயாகப் பிரித்து, ஒன்றைத் தொடாமல் வைத்துவிடுங்கள்.

சாயமேற்றல்

மெத்தனாலும் பிபிஎஸ்ஸும் சரிபாதி கலந்ததில் 5 நிமிடம், பிறகு பிபிஎஸ்ஸில் 5 நிமிடம். செல் சவ்வைத் துளைத்து ஆன்டிபாடிக்கு வழிவிடும் டிரைட்டான் எக்ஸ்-100, 0.2 சதவீதத்தில் 15 நிமிடம். தட்டுக் கவசம் உள்ள புரோரோசென்ட்ரம், காம்பியர்டிஸ்கஸ் போன்றவற்றுக்கும் டயாட்டங்களுக்கும் 0.5 சதவீதம், அதோடு டிஎம்எஸ்ஓ 5 முதல் 10 சதவீதம் சேர்த்து ஒரு மணி நேரம். மாட்டு இரத்த அல்புமின் 2 சதவீதத்தில் ஒரு மணி நேரத் தடுப்பு.

முதல் ஆன்டிபாடி மில்லிக்கு 2.5 முதல் 5 மைக்ரோகிராம், 4 டிகிரியில் இரவு முழுவதும், மெல்ல உருளவிட்டு. டுவீன் 20, 0.05 சதவீதம் சேர்த்த பிபிஎஸ்ஸில் மூன்று முறை, 10 நிமிடம் வீதம் கழுவுங்கள். முதலாவதில் ஒட்டும் இரண்டாம் ஆன்டிபாடிக்குப் பச்சை ஒளிர்வு தரும் அலெக்சா 488 அல்லது எஃப்ஐடிசி, 1க்கு 200, இருட்டில் ஒரு மணி நேரம். செம்மஞ்சள் ஒளிர்வுச் சாயங்களைத் தவிருங்கள். கிரிப்டோஃபைட்களிலும் சினெக்கோகாக்கஸிலும் உள்ள பைக்கோஎரித்ரின் 575 நானோமீட்டரை ஒட்டியே ஒளிரும், மெத்தனாலிலும் கரையாது. கடைசியாக டிஎன்ஏவில் ஒட்டி நீலமாக ஒளிரும் டாப்பி சாயம், மில்லிக்கு 1 மைக்ரோகிராம், 10 நிமிடம்.

ஒவ்வொரு கழுவலிலும் செல் குறையும். எட்டுக் கழுவலுக்குப் பின் பாதிதான் மிஞ்சும். எண்ணிக்கை குறைவதைவிட எது குறைகிறது என்பதே கவலை. பிரியப்போகும் செல்கள் பெரியவை, எளிதில் அடியில் இறங்கும். சிறிய ஜி1 செல்கள் மேல்நீரோடு போய்விடும். பங்கு தானாக மேலே சாயும். குழாய்களை முன்கூட்டியே அல்புமின் கரைசலால் நனைத்து வையுங்கள், மேல்நீரில் கடைசி அரை மில்லியை எப்போதும் விட்டுவிடுங்கள். ஒரு முறையாவது ஊற்றிய மேல்நீரைச் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

ஒவ்வொரு தொகுதியிலும் நான்கு ஒப்பீட்டுக் குழாய்கள் கட்டாயம்: முதல் ஆன்டிபாடி இல்லாதது, அதற்குப் பதில் பிசிஎன்ஏவில் ஒட்டாத அதே வகை எலி ஆன்டிபாடி ஐஜிஜி (பிசி10 என்றால் ஐஜிஜி2ஏ) போட்டது, மூன்று நாள் இருட்டில் இருந்த வளர்ப்பு, வளர்முக வளர்ப்பு.

எண்ணுதல்

குழாய்களின் நேரக் குறிப்பை வேறொருவர் மறைத்து, வெறும் எண் மட்டும் இடட்டும். நள்ளிரவு மாதிரி என்று தெரிந்தால் கண் பச்சையைத் தேடும். எல்லாப் படமும் ஒரே ஒளிநேரத்தில் எடுக்கப்பட வேண்டும். முதல் ஆன்டிபாடி இல்லாத குழாயில் உட்கருப் பகுதியின் பச்சை ஒளி சராசரியோடு இரண்டு திட்டவிலக்கம் கூட்டியதை எல்லையாக வைத்து, அதற்கு மேல் இருப்பதை மட்டும் எஸ் என்று கொள்ளுங்கள். ஜி2, எம் கட்டங்களுக்கு டாப்பி ஒளி இரட்டிப்பாக இருந்தும் பிசிஎன்ஏ இல்லாத செல்கள், இரண்டு உட்கரு உள்ளவை, பிரிந்தும் ஒட்டியிருக்கும் இணைகள் அனைத்தையும் சேருங்கள்.

ஒரு மாதிரிக்கு 400 செல். 200 எண்ணினால் 30 சதவீதப் பங்குக்குத் திட்டப்பிழை 3.2, 400க்கு 2.3. அதற்கு மேல் எண்ணுவதைவிட ஒரு கூடுதல் நேரப்புள்ளி எடுப்பது பயன் தரும்.

கணக்கு

ஒவ்வொரு நேரத்திலும் எஸ் பங்கையும் ஜி2, எம் பங்கையும் கூட்டி, ஒன்றைச் சேர்த்து, இயல்மடக்கை எடுங்கள். எல்லாவற்றையும் கூட்டி, மாதிரிகளின் எண்ணிக்கையாலும், அந்தக் கட்டங்கள் நீடிக்கும் மொத்த நேரத்தாலும் வகுங்கள். அந்த நேரம் என்பது எஸ் உச்சத்துக்கும் ஜி2, எம் உச்சத்துக்கும் உள்ள இடைவெளியின் இரு மடங்கு.

எடுத்துக்காட்டுக்கு ஓர் எண் வரிசை (நேரம்: எஸ், ஜி2+எம்):

18:00: 0.05, 0.02
20:00: 0.15, 0.03
22:00: 0.28, 0.06
00:00: 0.33, 0.14
02:00: 0.22, 0.26
04:00: 0.10, 0.31
06:00: 0.04, 0.24
08:00: 0.02, 0.08
10:00: 0.01, 0.03
12:00: 0.01, 0.02
14:00: 0.01, 0.02
16:00: 0.02, 0.02

மடக்கைகளின் கூட்டுத்தொகை 2.126. உச்சங்கள் நள்ளிரவும் நான்கு மணியும், இடைவெளி 4, கட்ட நேரம் 8 மணி. 2.126ஐ 96ஆல் (12 மாதிரி, 8 மணி) வகுத்து 24ஆல் பெருக்கினால் நாளுக்கு 0.53.

இப்போது உச்சத்தை ஒரு மணி நேரம் தவறாகப் பிடித்துவிட்டதாக வையுங்கள். இடைவெளி 3 என்றால் வேகம் 0.71. இடைவெளி 5 என்றால் 0.43. செல்லை எண்ணியதில் ஒரு பிழையும் இல்லை, ஆன்டிபாடியிலும் குறையில்லை, இருந்தும் விடை இப்படி ஆடுகிறது. நான்கு மணிக்கு ஒரு மாதிரி எடுத்து வளர்ச்சி வேகம் சொல்பவர்களை நாங்கள் நம்பாததன் காரணம் இதுதான்.

இதைக் குறைக்க, உச்சப் புள்ளியையும் அதன் இரு பக்கப் புள்ளிகளையும் கொண்டு ஒரு பரவளைவு வரையுங்கள். மேலே உள்ள எண்களில் எஸ் உச்சம் 23:37க்கும், ஜி2, எம் உச்சம் 03:50க்கும் நகரும். இடைவெளி 4.2 மணி, கட்ட நேரம் 8.4, வேகம் நாளுக்கு 0.51. இரட்டிப்பாக ஏறக்குறைய 33 மணி நேரம். இரவு 10 முதல் காலை 6 வரை ஒரு மணிக்கு ஒரு மாதிரி எடுக்க ஆள் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் அந்தக் கூடுதல் மாதிரிகளை உச்சத்தைக் கண்டுபிடிக்க மட்டும் பயன்படுத்துங்கள். மடக்கைக் கூட்டுத்தொகையில் சீரான இடைவெளியில் உள்ளவை மட்டுமே சேர வேண்டும், இல்லாவிட்டால் இரவின் எடை கூடி விடை வீங்கும்.

சிக்கினால் எங்கே பார்ப்பது

எல்லாச் செல்லும் பச்சை, உட்கரு தனியாகத் தெரியவில்லை: பச்சையம் முழுவதும் போகவில்லை, அல்லது தடுப்பு போதவில்லை. முதல் ஆன்டிபாடி இல்லாத குழாயும் அப்படியே இருந்தால் முன்னதுதான்.

வளர்முக வளர்ப்பிலும் ஒன்றுமே தெரியவில்லை: வெஸ்டர்னில் பட்டை வந்திருந்தால் ஆன்டிபாடி உள்ளே நுழையவில்லை. டிரைட்டான் நேரத்தைக் கூட்டுங்கள். அதற்கும் மசியாத டயாட்டத்தை ஒலியலைக் குளியலில் சில நொடி வைத்துப் பாருங்கள். வெஸ்டர்னிலும் பட்டை இல்லையென்றால் குப்பி பயணத்தில் கெட்டிருக்கலாம். இங்கே ஆன்டிபாடி விமானத்தில் வருகிறது. பிளேசான்ஸ் விமான நிலையச் சரக்குக் கொட்டகையில் வார இறுதி முழுக்க நின்ற பெட்டிக்குள் ஐஸ் இருந்ததா என்று திறக்கும்போதே பார்த்து எழுதிவையுங்கள். வந்த அன்றே சிறு பங்குகளாகப் பிரித்து உறைய வையுங்கள், மீண்டும் மீண்டும் உருக்கி உறையவிடாதீர்கள்.

டயாட்டத்தில் ஜி2, எம் பங்கு நாள் முழுவதும் உயரமாகவே நிற்கிறது: சிலிகேட் தீர்ந்திருக்கிறது. சிலிகேட் இல்லாத டயாட்டம் நைட்ரேட் தீர்ந்ததைப்போல் ஜி1இல் மட்டும் நிற்பதில்லை, ஜி2விலும் சிக்கி நிற்கும். அந்தச் செல்கள் பிரியப்போவதில்லை, ஆனால் கணக்கு அவற்றைப் பிரிந்ததாகவே எண்ணும். அந்த நீரில் சிலிகேட்டை அளக்காமல் டயாட்டம் வேகம் வெளியிட வேண்டாம்.

பகல் நடுவிலும் எஸ் பங்கு 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கவில்லை: பாராஃபார்மால்டிஹைடு நேரம் கூடிவிட்டதா என்று முதலில் பாருங்கள். அது சரியாக இருந்தால், வளர்ப்புச் செல்கள் ஒருங்கே நகராமல் ஆளுக்கொரு நேரத்தில் பிரிகின்றன. வேகமாக வளரும் சிறு டயாட்டங்களில் இது இயல்பு. உச்சம் இல்லாதபோது உச்ச இடைவெளியும் இல்லை, இந்தக் கணக்கு அங்கே செல்லாது.

இரண்டு உச்சம் வந்தால் பெரும்பாலும் இரண்டு நீர் கலந்திருக்கிறது. உப்புத்தன்மைப் பதிவை எடுத்துப் பாருங்கள். உச்சம் தெளிவாக வராத நாளுக்கு வேகம் என்ற எண்ணையே எழுதாமல், பங்குகளை மட்டும் அட்டவணையாக வையுங்கள். தொடாமல் வைத்த மறுபாதிக் குழாய்கள் மெத்தனாலில் இருக்கின்றன, அவற்றில் இரவு 10 முதல் காலை 6 வரை உள்ள ஐந்தை மட்டும் எடுத்து மறுபடி சாயமேற்றிப் பாருங்கள்.